உரக்காசு யாருடைய கணக்குக்குப் போகிறது?

இந்த நாட்டில் உரமானியத்தின் கதையை யாரிடம் கேட்டாலும் தொகையாகத்தான் சொல்லுவார்கள். 350 ரூபா உரம் வந்த காலம், காசாகத் தந்த காலம், 500 ரூபா மூட்டைக் காலம், சும்மா தாறம் எண்டு சொன்ன காலம், பிறகு உரமே இல்லாத காலம். எங்கள் ஊரில் பிள்ளைகளின் வயதைக்கூட இப்படிக் கணக்குப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பத்திரிகைகளும் இதே மாதிரித்தான்: எந்த அரசாங்கம் கூடத் தந்தது, எந்த அரசாங்கம் குறைத்தது.

யாருக்குத் தந்தது என்ற கேள்வி அநேகமாக வராது. 'விவசாயிக்கு' என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். அந்தச் சொல்லுக்குள்ளே யார் இருக்கிறார், யார் வெளியே நிற்கிறார் என்பதைத்தான் நான் இங்கே பார்க்கப்போகிறேன். எனக்கு இது வெறும் பாடக்கேள்வி இல்லை. அம்மப்பா காலத்தில் இருந்து எங்கள் குடும்பம் வயல் செய்கிறது. இப்போது மூன்று ஏக்கர் செய்கிறோம். அதில் ஒரு வரம்பும் எங்களுடையது இல்லை, எல்லாம் குத்தகை. உரமானிய வரலாற்றில் எங்கட வீட்டின் பெயர் ஒரு இடத்திலும் இல்லை.

எங்கள் ஊர் படுவான்கரையில். தெரியாதவர்களுக்காக: மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ளது எழுவான்கரை, மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிகிறது படுவான்கரை. பட்டணம், கந்தோர், பெரிய கடை எல்லாம் அந்தப் பக்கம். வெள்ளாமை இந்தப் பக்கம். காணிக்குச் சொந்தக்காரர்களில் கனபேர் இருப்பதும் அந்தப் பக்கம்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

பழைய ஏற்பாட்டில் வயல் போடியாருடையது. விதைநெல், உழவுக்கு எருமை, வேலை நடக்கும் மாதங்களுக்குச் சாப்பாட்டு நெல் எல்லாம் அவர் கொடுப்பார். முல்லைக்காரர் மேற்பார்வை பார்ப்பார். வயற்காரர்கள் உழுது விதைத்துக் காவல் காத்து வெட்டிச் சூடு போடுவார்கள். களவெட்டியில் பொலி அளக்கும்போது முன்னர் கொடுத்ததெல்லாம் வட்டியோடு கழிக்கப்படும். மிச்சம்தான் வயற்காரரின் பங்கு. சில வருடம் மிச்சமே இராது, கடன் அடுத்த போகத்துக்குப் போகும். போடியார் எல்லாரும் கொடுமைக்காரர் என்று நான் சொல்ல வரவில்லை. கலியாணத்துக்கும் சாவுக்கும் முதலில் கைகொடுத்தவரும் அவர்தான் என்று அம்மப்பா சொல்லுவார். விசயம் என்னவென்றால், அரசாங்கத்துக்கு அந்த வயலில் தெரிந்த ஆள் போடியார் ஒருவர்தான். நீர் விடுவது, வாய்க்கால் துப்புரவு, வரம்புச் சண்டை எல்லாவற்றையும் பார்த்த வட்டை விதானையும் காணிக்காரர் பக்கத்து ஆள்.

அரசாங்கம் நெல்லுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது இந்த ஏற்பாட்டுக்கு மேலேதான். இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் பர்மா அரிசி நின்றுபோக, உள்ளூர் நெல்லை அரசாங்கமே வாங்க வேண்டி வந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் உத்தரவாத விலைத் திட்டம். 1950களின் தொடக்கத்திலிருந்து 1967 வரை ஒரு புசல் நெல்லுக்கு 12 ரூபா. ஒரு புசல் என்றால் கிட்டத்தட்ட 21 கிலோ. அந்தக் காலத்தில் இது உலகச் சந்தை விலையைவிடக் கூட. ஒரு பக்கம் சனத்துக்குக் கூப்பனில் மலிவு அரிசி, மறுபக்கம் விளைவிப்பவருக்கு உயர்ந்த விலை, நடுவில் உள்ள பள்ளத்தை நிரப்புவது திறைசேரி. இந்தப் பள்ளத்தைக் குறைக்கப் பார்த்து 1953இல் கூப்பன் அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியதால்தான் ஓகஸ்ட் ஹர்த்தால் வெடித்தது, பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். அவ்வளவு பெரிய விசயம்.

விலை மூலம் கொடுக்கும் மானியத்தில் ஒரு நல்ல குணம் உண்டு. நெல்லைக் கொண்டுபோனவர் யார் என்பதுதான் முக்கியம், காணி யாருடையது என்று உறுதி காட்டத் தேவையில்லை. ஆனால் கொண்டுபோக நெல் கையில் மிஞ்ச வேண்டுமே. களவெட்டியிலேயே கடனுக்கு அளந்து கொடுத்துவிட்ட வயற்காரருக்கு 12 ரூபாவும் ஒன்றுதான் 8 ரூபாவும் ஒன்றுதான். சங்கத்துக்குக் கொண்டுபோனால் சங்கக் கடனைக் கழித்துக்கொண்டுதான் காசு தருவார்கள் என்பதால், உத்தரவாத விலையை விட்டுவிட்டுக் குறைந்த விலைக்கு வியாபாரியிடம் கொடுத்தவர்களும் உண்டு. முழு விலையும் கிடைத்தது கடன் இல்லாதவருக்கு, அதாவது கடன் கொடுத்தவருக்கு.

இந்த இடத்தில்தான் 1958 வருகிறது. எனக்கு இந்த முழு வரலாற்றிலும் மிகப் பிடித்ததும், மிகக் கவலை தருவதும் இந்த வருடம்தான்.

பண்டாரநாயக்க அரசாங்கத்தில் விவசாய, உணவு அமைச்சராக இருந்தவர் பிலிப் குணவர்தன. பழைய சமசமாஜக்காரர். அவர் கொண்டுவந்தது 1958ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டம். வாரத்துக்குச் செய்பவரை நினைத்தபடி எழுப்ப முடியாது. காணிக்காரருக்குக் கொடுக்கும் பங்குக்கு ஒரு உச்சவரம்பு, விளைச்சலில் நாலில் ஒன்றுக்கு மேல் போகக்கூடாது. விதானைகளின் இடத்துக்குப் பயிர்செய்பவர்கள் தெரிவுசெய்யும் பயிர்ச்செய்கைக் குழுக்கள். எல்லாவற்றையும் விட முக்கியமாக, ஒரு இடாப்பு. ஒவ்வொரு நெற்காணிக்கும் சொந்தக்காரர் யார், உண்மையில் பயிர்செய்பவர் யார் என்று இரண்டு பெயரும் எழுதப்பட வேண்டும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதுவரைக்கும் அரசாங்கத்தின் ஒரு கொப்பியிலும் இல்லாத ஒரு ஆள், முதல் தடவையாகத் தன் பெயரோடு எழுதப்படப் போகிறார். எழுதப்பட்டால் அவருக்கு உரிமை உண்டு. எழுப்பினால் முறைப்பாடு செய்யலாம்.

நடந்தது என்ன? சட்டம் படிப்படியாகத்தான் மாவட்டங்களுக்கு விரிந்தது. பெயர் எழுதப்படுவதற்கு முன்னமே காணிக்காரர்கள் தங்கள் வாரக்குடிகளை எழுப்பத் தொடங்கினார்கள். எழுப்பாத இடத்தில் வாரக்குடியைக் கூலியாள் என்று காட்டினார்கள். 'நான்தான் செய்கிறேன், இவர் என்னிடம் வேலை செய்கிறவர்' என்று சொன்னால் சரி. ஆயிரக்கணக்கான முறைப்பாடுகள் கமநல சேவைத் திணைக்களத்துக்குப் போயின. அமைச்சரவைக்குள்ளேயே சட்டத்துக்கு எதிர்ப்பு இருந்தது, அடுத்த வருடமே, 1959இல், பிலிப் அமைச்சரவையை விட்டு வெளியேறிவிட்டார். சட்டம் மட்டும் மிஞ்சியது. பிறகு 1973இன் விவசாயக் காணிகள் சட்டம், 1979இன் கமநல சேவைகள் சட்டம், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் என்று அது பெயர் மாறி மாறி வந்தது. இடாப்பு மட்டும் எல்லாவற்றையும் தாண்டி நின்றது.

இதில் ஒரு பாடம் காணிக்காரர்கள் படித்தார்கள், இன்றுவரைக்கும் மறக்கவில்லை. இடாப்பில் வாரக்குடியின் பெயர் ஏறினால் காணி கையை விட்டுப் போகும். ஆகவே பெயர் ஏறக்கூடாது. எழுத்தில் ஒன்றும் இருக்கக்கூடாது. ஒரு போகத்துக்கு மட்டும், வாயால் பேசி, முற்காசு வாங்கிக் கொடு. அடுத்த போகம் வேறு ஆளுக்குக் கொடு, அல்லது அதே ஆளுக்குப் புதிதாகப் பேசு. செய்பவரைக் காப்பாற்ற வந்த சட்டம், செய்பவரைக் காகிதத்தில் இருந்து மறைக்கும் பழக்கத்தை உண்டாக்கிவிட்டது. பிலிப்பைக் குறை சொல்ல முடியாது. சட்டத்தை எழுதியவர் இருந்த அளவுக்கு அதை நடத்துபவர்கள் இருக்கவில்லை.

1962இல் அரசாங்கம் உரமானியத்தைத் தொடங்கியபோது இது எல்லாம் ஏற்கெனவே அமைந்துவிட்டது. ஏன் உரம்? பத்தலகொடையில் உருவாக்கிய எச்-4 போன்ற புது இனங்கள் அப்போது பரவிக்கொண்டிருந்தன. பழைய இனங்களுக்கு அதிகமாக உரம் போட்டால் பயிர் உயர்ந்து சாய்ந்துவிடும். 1970களின் தொடக்கத்தில் வந்த பீஜி வகைக் கட்டை இனங்கள் உரத்தைக் குடித்து நின்று விளைந்தன. விளைச்சல் உண்மையாகவே ஏறியது, அதை மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் அதன் பிறகு உரம் இல்லாமல் செய்ய முடியாது. மானியம் என்பது உதவி என்ற நிலையிலிருந்து, இல்லாவிட்டால் விதைக்கவே ஏலாது என்ற நிலைக்கு வந்தது இந்தப் பத்து வருடத்துக்குள்தான்.

இடையில் ஒரு கிளைக்கதை. எங்கள் பீடத்தில் படிக்கும் மலையக நண்பி ஒருத்தியிடம் இதைப் பற்றிக் கதைத்தபோது, "தோட்டத்து ஆக்களுக்கு இதில என்ன கிடைச்சது?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. நெல் உரமானியத்துக்கு முன்னமே இந்த நாட்டில் பயிர்மானியம் இறப்பருக்கு இருந்தது. 1952இல் சீனாவோடு இறப்பர் - அரிசி ஒப்பந்தம் செய்து, அடுத்த வருடமே இறப்பர் மீள்நடுகை மானியச் சட்டம் வந்தது. பழைய மரத்தைத் தறித்துப் புது மரம் வைப்பதற்குக் காணிக்காரருக்குக் காசு. தறித்ததும் வைத்ததும் யார்? 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டவர்களின் கைகளும் அதில் இருந்தன. அவர்களுக்குச் சம்பளம், மானியம் தோட்டத்துக்கு. நெல்லில் வயற்காரரை மறைக்க ஒரு ஏமாற்று வேலை தேவைப்பட்டது. தோட்டத்தில் அதுவும் தேவைப்படவில்லை.

1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்தது, கூப்பன் அரிசி போய் உணவு முத்திரை வந்தது, ஆனாலும் உரமானியம் தொடர்ந்தது. 1990இல்தான் அதை முற்றாக நிறுத்தினார்கள். 1994இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். கொழும்பில் இருந்து எழுதும் வரலாற்றில் இது ஒரு முக்கியமான இடைவெளி. படுவான்கரையில் இருந்து பார்த்தால் அப்படி ஒரு இடைவெளியே தெரியாது. 1990 ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கியது. அதன் பிறகு வாவியின் இந்தப் பக்கம் கனகாலம் புலிகளின் கையில் இருந்தது. 'விடுவிக்கப்படாத பிரதேசம்' என்பது அரசாங்கத்தின் சொல். வெடிமருந்து செய்யலாம் என்று சொல்லி யூரியாவைத் தடைப் பட்டியலில் போட்டிருந்த காலம். மானியம் இருக்கா இல்லையா எண்டு கேக்கிற இடத்தில நாங்க இருக்கல்ல. சோதனைச் சாவடியைத் தாண்டி எத்தனை கிலோ கொண்டுவர விடுவார்கள் என்பதுதான் கேள்வி. உர மூட்டைக்கு அனுமதிக் கடிதம் வாங்க ஒரு நாள், கொண்டுவர இன்னொரு நாள் என்று அம்மா சொல்லுவா. மாட்டெருவும் சாம்பலும் போட்டு, பச்சைப்பெருமாள் மாதிரிப் பழைய நெல்லை விதைத்தவர்களும் இருந்தார்கள். பிறகு 2021இல் கொழும்பில் சிலர் இயற்கை விவசாயம் என்று அழகாகப் பேசியபோது எங்கள் பக்கத்துப் பெரியாட்கள் சிரித்ததற்குக் காரணம் இதுதான். அவர்கள் அதைச் செய்து பார்த்தவர்கள்.

யுத்தம் இடாப்பையும் விடவில்லை. 1990இல் இரண்டு பக்கத்திலும் நடந்த கொலைகளுக்குப் பிறகு ஏறாவூர், காத்தான்குடிப் பக்கத்து முஸ்லிம் காணிக்காரர்கள் படுவான்கரையில் இருந்த தங்கள் வயலுக்கு வர முடியாமல் போனார்கள். அந்த வயல்களைத் தமிழர்கள் செய்தார்கள். சில இடத்தில் புலிகளின் அனுமதியோடு, சில இடத்தில் யாரும் கேட்காமல். இதை நாங்கள் பேசாமல் விடக்கூடாது. அப்படிப்பட்ட வயலில், செய்பவரின் பெயரைத்தான் எழுத வேண்டும் என்று நான் இலகுவாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. அங்கே சொந்தக்காரர் போடியார் இல்லை, விரட்டப்பட்ட இன்னொரு விவசாயி. இடாப்பில் இருந்த பழைய பெயர்தான் அவருக்கு மிஞ்சிய ஒரே சான்று. ஒரே காகிதம் ஒரு வட்டையில் அநியாயத்தையும் பக்கத்து வட்டையில் நியாயத்தையும் காப்பாற்றுகிறது.

350 ரூபா உரம் வந்தது 2005 கடைசியில். மகிந்த ராஜபக்சவின் தேர்தல் வாக்குறுதி. 50 கிலோ மூட்டை, நெல்லுக்குத் தேவையான மூன்று வகையும் அதே விலைக்கு. 2008இல் உலகச் சந்தையில் உரவிலை ஏறியபோது இந்த 350 ரூபா உண்மை விலையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிட்டது. அவ்வளவு பெரிய மானியத்தை இந்த நாட்டு விவசாயி அதற்கு முன்னர் கண்டதில்லை.

எங்களுக்கு அது வந்து சேர்ந்த பாதை வேறு. 2007இன் முதல் மாதங்களில் படுவான்கரை முழுக்க இடம்பெயர்ந்தது. செல்லடிக்குள்ளால் வாவியைக் கடந்து அந்தப் பக்கம் பாடசாலைகளிலும் கூடாரங்களிலும் இருந்துவிட்டு, அந்த வருட நடுப்பகுதியில் இருந்து திரும்பி வந்தார்கள். வீடும் மாடும் உழவு மெசினும் போனது போல உறுதியும் அனுமதிப்பத்திரமும் போயிருந்தன. அந்த நேரத்தில் கமநல நிலையங்கள் திரும்ப இயங்கத் தொடங்கி, உரம் தருவதற்கு யார் யார் செய்கிறார்கள் என்று பட்டியல் எடுத்தார்கள். பழைய இடாப்பு, காணிக் காகிதம், கமக்கார அமைப்பின் சிபாரிசு. குத்தகைக்காரர் என்றால் காணிக்காரரின் கையொப்பம்.

அந்தக் கையொப்பம்தான் 1958இன் பயம் திரும்ப வந்து நின்ற இடம். "உரத்துக்குத்தானே, வையுங்களேன்" என்று கேட்டால், "இண்டைக்கு உரத்துக்கு எண்டுவாய், நாளைக்கு வழக்குக்கு எண்டுவாய்" என்று பதில். ஆகவே ஒரு ஏற்பாடு வந்தது. காணிக்காரர் தன் பெயரில் உரத்தை எடுப்பார். நல்லவர் என்றால் 350க்கே குத்தகைக்காரரிடம் கொடுப்பார். சிலர் இடையில் ஒரு தொகை வைத்துக் கொடுப்பார்கள். சிலர் மரக்கறிக்காரருக்கு விற்றுவிட்டு, நீ கடையில் வாங்கு என்பார்கள். எங்களுக்கு மூன்று வகை ஆட்களும் வாய்த்தார்கள்.

ஆனாலும் மூட்டைக்கு ஒரு நன்மை இருந்தது. அது கண்ணுக்குத் தெரியும். லொறி வந்த நாள் ஊருக்கே தெரியும், யார் எத்தனை மூட்டை ஏற்றினார் என்று வாசிகசாலைத் திண்ணையில் கதைப்பார்கள். வயலில் உரம் எறியாமல் இருக்க, மூட்டை மட்டும் வேறு எங்கோ போனால் நாலு பேர் கேட்பார்கள். வெட்கம் என்று ஒன்று வேலை செய்தது.

பெண்களின் விசயம் இதை விடச் சிக்கல். மட்டக்களப்பில் தாய்வழிக் குடிமுறை. வீடும் வயலும் மகளுக்குச் சீதனமாகப் போகிறது பழைய வழக்கம், போடியார் வீடாக இருந்தாலும் சரி, அரை ஏக்கர் உள்ள வீடாக இருந்தாலும் சரி. அப்படியிருக்க, இடாப்பில் யார் பெயர்? பெரும்பாலும் புருசனின் பெயர். கமக்கார அமைப்பின் கூட்டத்துக்குப் போகிறவர் அவர்தானே. யுத்தத்தில் அவர் காணாமல் போனால் அல்லது செத்தால், தாய் கொடுத்த வயலுக்கு உரம் எடுக்க, காணாமல் போனவரின் பெயரில் இருக்கும் பதிவை மாற்ற வேண்டும். மாற்ற மரணச் சான்றிதழ் வேண்டியிருந்தது. காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க எந்தப் பெண் மனதார ஒத்துக்கொள்ளுவாள்? மூன்று மூட்டை யூரியாவுக்காக அந்தக் காகிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டி வந்தவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அரச காணியில் குடியேறியவர்களுக்கு 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசுரிமையிலேயே ஆண்பிள்ளைகளை முன்னுக்கு வைத்திருந்தது. அது திருத்தப்பட்டது 2022இல்தான்.

2016இல் நல்லாட்சி அரசாங்கம் மூட்டையை நிறுத்திவிட்டுக் காசு கொடுத்தது. நெல்லுக்கு ஆண்டுக்கு ஹெக்டேயருக்கு 25,000 ரூபா, அதாவது போகத்துக்கு 12,500. கடையில் மூட்டை 2,500 ரூபா. ஏக்கருக்குக் கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட 5,000, இரண்டு மூட்டைக் காசு. ஏக்கருக்கு யூரியா மட்டும் இரண்டு மூட்டைக்குக் கிட்ட வேணும். மற்ற இரண்டு உரமும் கைக்காசு. இதற்குச் சொன்ன காரணங்கள் நல்ல காரணங்கள்தான். ஊழல் குறையும், உரத்தை மரக்கறிக்கு விற்க மாட்டார்கள், விவசாயி தனக்குத் தேவையானதை வாங்கிக்கொள்ளுவான். பொருளியல் படிக்கும் நண்பர்கள் இன்றும் இதைத்தான் சரி என்பார்கள்.

அவர்கள் சொல்லுவது, காசு போகிற கணக்கும் உரம் எறிகிற கையும் ஒரே ஆளுடையது என்றால் சரி. எங்கள் வட்டையில் அப்படி இல்லை. காசு இடாப்பில் உள்ளவரின் வங்கிக் கணக்குக்குப் போனது. லொறி இல்லை, மூட்டை இல்லை, திண்ணைக் கதை இல்லை. வந்ததா, எவ்வளவு வந்தது, எப்போது வந்தது என்று குத்தகைக்காரருக்குத் தெரியவே வராது. கேட்டால் "இன்னும் போடல்ல" என்பார்கள். உண்மையாகவே காசு பிந்தித்தான் வந்தது என்பதால், அது பொய் என்று சொல்லவும் ஏலாது. மூட்டையில் பாதி கிடைத்தவர்களுக்குக் காசில் ஒன்றும் கிடைக்கவில்லை. சில காணிக்காரர்கள் கணக்கை வெளிப்படையாகவே பேசினார்கள்: மானியம் வேண்டுமென்றால் குத்தகையைக் கூட்டித் தா. மானியம் அப்படியே குத்தகைக்குள் கரைந்துபோனது.

2018இல் திரும்பவும் மூட்டை, 500 ரூபாவுக்கு. கோட்டாபய காலத்தில் இலவசம். பிறகு 2021 மே 6ஆம் திகதி வர்த்தமானி, இரசாயன உர இறக்குமதிக்குத் தடை. நவம்பர் கடைசியில் தடையை எடுத்தபோது காலபோக விதைப்பு முடிந்திருந்தது. 2021/22 பெரும்போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் முந்திய பெரும்போகத்தை விட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. 2022இல் கறுப்புச் சந்தையில் யூரியா மூட்டை 40,000 ரூபா வரை போனது, இந்தியக் கடனில் வந்ததை அரசாங்கம் 10,000க்குக் கொடுத்தது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், எங்கள் தலைமுறைக்கு இது வரலாறே இல்லை, போன கிழமை மாதிரி. அதிகம் பேசப்படாத ஒன்றை மட்டும் சொல்லுகிறேன். விளையாத வருடத்தில் நட்டம் யாருக்கு? குத்தகையை முற்காசாக வாங்கியவருக்கு இல்லை. உரம் கிடைக்காமல், கதிர் பதராக நின்றபோது, அந்த முழு நட்டமும் இடாப்பில் பெயர் இல்லாதவருடையது. நட்டஈடு என்று அறிவித்தபோது திரும்பவும் இடாப்பைத்தான் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு பெரும்பாலும் காசுதான். 2023 பெரும்போகத்தில் ஹெக்டேயருக்கு 15,000 ஆக இருந்தது, 2024 பெரும்போகத்துக்குப் புதிய அரசாங்கம் 25,000 ஆக உயர்த்தியது, உச்சம் இரண்டு ஹெக்டேயர். ஏக்கருக்கு ஏறத்தாழ 10,000. எங்கள் மூன்று ஏக்கருக்கு 30,000. இது சின்னத் தொகை இல்லை. எனக்கு ஒரு வருட விடுதிச் செலவில் நல்ல பங்கு. அந்த மூன்று ஏக்கரும் இரண்டு சொந்தக்காரருடையது. ஒருவர் எழுவான்கரையில், காசு வந்தவுடன் அம்மாவுக்குக் கோல் எடுத்துச் சொல்லி, குத்தகையில் கழித்துக்கொண்டார். மற்றவர் கொழும்பில். அவருடைய காசு வந்ததா என்று எங்களுக்குத் தெரியாது.

இதற்குச் சட்டத்தில் வழி இல்லை என்று சொல்ல முடியாது. 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கமநல நியாயசபை உண்டு, குத்தகைக்குச் செய்பவர் தன்னைப் பதியச் சொல்லிக் கேட்கலாம். விரிவுரையில் இதைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒரு மனு எழுதித் தரட்டா என்று கேட்டேன். அவ நெல்லுப் புடைத்துக்கொண்டிருந்தா.

"எழுது மகள். மறுகா காலபோகத்துக்கு ஆர்ர வயல செய்யிற?"